வரைவைப் பிறர் கையில் கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் எழுதியே தீர வேண்டிய தருணங்கள் அடிக்கடி வருகின்றன. கோயில் குடமுழுக்குக்குச் சிறப்பு மலர் அச்சிடுகிறார்கள்; அப்பச்சியின் (தந்தையின்) மணிவிழாவுக்குக் குடும்ப வரலாறு தொகுக்கிறார்கள்; படித்த பள்ளி நூறாண்டைத் தொடும்போது பழைய மாணவரிடம் கட்டுரை கேட்கிறார்கள்; பங்காளிகள் சேர்ந்து பழைய வீட்டைப் பழுதுபார்க்கும்போது, அந்த வீட்டின் கதையை யாராவது ஒருவர் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் தொகுத்தும் திருத்தியும் வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை எழுதியவரின் மேசையிலிருந்து நேராகக் கணினியில் அச்சுக்கோக்கும் (டிடிபி) இடத்துக்குப் போய்விடுகின்றன. அச்சாகிக் கைக்கு வந்த பிறகுதான் இரண்டாவது மனிதர் ஒருவர் அதைப் படிக்கிறார். அப்போது தெரியவரும் பிழையைத் திருத்த வழியில்லை. எழுதுவதற்கும் அச்சிடுவதற்கும் நடுவே செய்ய வேண்டிய வேலையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு ஆத்தங்குடியில்தான் விளங்கியது. ஒரு விழா மலருக்காக, வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி எழுதியபோது, அந்தக் கற்கள் ‘சூளையில் பதமாகச் சுட்டெடுக்கப்பட்டவை’ என்று எழுதிவிட்டேன். படித்த நண்பர்கள் இருவரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். படம் எடுப்பதற்காக ஊருக்குப் போனபோது, கல் போடும் கொட்டகையில் நெடுங்காலமாக வேலை செய்யும் ஒருவரிடம் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சூளை எங்க இருக்கு தம்பி?” என்றார். கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, அதன்மேல் ஈரச் சாந்து போட்டு மட்டப்படுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவதுதான் முழு வேலை. நெருப்புக்கு அதில் இடமே இல்லை. கல்லின் பளபளப்பு கண்ணாடியின் முகத்திலிருந்து வருகிறது. அதன் உறுதி தண்ணீரில் ஊறுவதால் வருகிறது. அவர் முதன்மையாகக் கருதிய நீர்த்தொட்டியைப் பற்றி என் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை.

என் நண்பர்கள் இருவரும் கவனமின்றிப் படித்தவர்கள் அல்லர். கல் எப்படிச் செய்யப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. எதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. அந்தக் கட்டுரைக்குப் பொருந்தாத வாசகர்களிடம், கேள்வி எதுவும் இல்லாமல் வரைவைக் கொடுத்தது என் தவறு. யாரிடம் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எதைக் கேட்பது என்ற மூன்றையும் முன்கூட்டியே முடிவு செய்யாமல் வரைவைப் பிறர் கையில் கொடுக்கக் கூடாது என்பதை அன்றிலிருந்து வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

குறிப்பிலிருந்து வரைவுக்கு

பழைய வட்டிக் கடைக் கணக்கில் அன்றாட வரவு செலவு முதலில் நடந்த வரிசைப்படி நாள்வழியில் பதிவாகும். பிறகு ஆள்வாரியாகப் பிரிந்து பேரேட்டில் ஏறும். கட்டுரை எழுதுபவருக்கும் இந்த இரண்டு ஏடுகள் வேண்டும். கேட்டதையும் பார்த்ததையும் கிடைத்த வரிசையில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகு வீடு, தொழில், திருமணங்கள், கோயில் பணி என்று பொருள்வாரியாகப் பிரித்து மற்றொரு நோட்டில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் நான் ஓர் எழுத்தைப் போட்டுவிடுவேன்: கண்ணால் கண்டதற்கு ‘க’, பிறர் சொல்லிக் கேட்டதற்கு ‘கே’, ஏட்டிலோ நூலிலோ படித்ததற்கு ‘ப’. வீடு கட்டிய ஆண்டு வாசல் நிலைக்கு மேலே பொறித்திருந்தால் அது ‘க’; “ரெண்டாவது சண்டைக்கு முன்னாடியே கட்டியாச்சு” என்று அப்பத்தா சொன்னால் அது ‘கே’. மதிப்பாய்வின்போது யாராவது ஒரு செய்தியை மறுத்தால், இந்த ஒற்றை எழுத்தே நாம் எவ்வளவு உறுதியாக நிற்கலாம் என்பதைச் சொல்லிவிடும்.

வரைவைத் தொடங்குமுன், படித்து முடித்தவருக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ‘எங்கள் வீட்டின் வரலாறு’ என்பது தலைப்புதான், நோக்கம் ஆகாது. ‘நான்கு பங்காளிகளின் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருந்தும் இந்த வீட்டை விற்காமல் எப்படிக் காத்தார்கள்’ என்பது நோக்கம். அந்த வாக்கியத்தைத் தாளின் தலையில் எழுதி வைத்துக்கொண்டு, முதல் வரைவை நிற்காமல் எழுத வேண்டும். ஒற்று மிகுமா மிகாதா என்று அப்போது பார்க்க வேண்டியதில்லை. தெரியாத ஆண்டு வந்தால், தேடிக்கொண்டு எழுந்து போகாமல், ‘ஆண்டு பார்க்க’ என்று வட்டமிட்டு எழுதிவிட்டு மேலே போகலாம். தொடக்கம் அமையவில்லை என்றால் நடுவிலிருந்து தொடங்கலாம். ‘திரைகடலோடியும் திரவியம் தேடு’ என்ற ஔவையின் வரியோடு தொடங்கும் செட்டிநாட்டுக் கட்டுரைகள் எத்தனையோ என் கையில் வந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது பத்தியில்தான் உண்மையாகத் தொடங்குகின்றன. அந்த முன்பத்திகள் எழுதுபவர் கை பழகுவதற்காக எழுதியவை. எழுதும்போது அவை இருக்கட்டும். திருத்தும்போது எடுத்துவிட வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு வாரமாவது வரைவைத் தொடாமல் வையுங்கள். பிறகு தாளில் அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். திரையில் கண் தாவிச் செல்லும் இடத்தில் நாக்கு தடுக்கும். தமிழில் நீண்ட வாக்கியம் எழுதுபவர்களுக்கு நேரும் மூன்று இடறல்கள் இந்த வாசிப்பில் தவறாமல் அகப்படும். முதலாவது, ஒருமை பன்மை மயக்கம்: ‘ஒவ்வொரு வீடுகளிலும்’ என்பதும், ‘தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்டது’ என்பதும் அச்சில் அடிக்கடி வருகின்றன, ‘ஒவ்வொரு வீட்டிலும்’ என்றும், ‘கொண்டுவரப்பட்டன’ என்றும் இருக்க வேண்டும். இரண்டாவது, எழுவாய் வழியில் காணாமல் போவது: ‘ரங்கூனிலிருந்து திரும்பிய ஐயா கட்டிய இந்த வீட்டில் பிறந்து, தேவகோட்டையில் படித்து, பின்னர் பள்ளத்தூருக்குப் பிள்ளை கூட்டப்பட்டு (தத்துப் போய்)’ என்று வாக்கியம் எச்சங்களாக நீளும்போது, பிறந்தவர் யார், படித்தவர் யார் என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். மூன்றாவது, எல்லா வினையையும் ‘பட்டது’ என்று முடிக்கும் பழக்கம். ‘கிணறு வெட்டப்பட்டது’ என்று எழுதினால் வெட்டியவர் மறைந்துவிடுகிறார். குடும்ப வரலாற்றில் வாசகர் தெரிந்துகொள்ள விரும்புவதே அவரைத்தான்.

எந்தக் குற்றம் யார் கண்ணுக்குப் படும்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் செய்த நன்னூல், ஒரு நூலில் வரக் கூடாத குற்றங்கள் பத்து என்று வகுக்கிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன இந்தப் பட்டியலை, வரைவைத் திருத்தும் மேசையில் எடுத்து வைத்துப் பாருங்கள். மதிப்பாய்வுக்கு இதைவிடப் பயனுள்ள கருவியை நான் கண்டதில்லை. ஆனால் பத்தையும் ஒருவரே பார்க்க இயலாது என்பது இதைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகே எனக்குப் புரிந்தது.

கூறியது கூறலையும் மிகைபடக் கூறலையும் எழுதியவரே வாய்விட்டுப் படித்துப் பிடித்துவிடலாம். குன்றக் கூறலையும் மயங்க வைத்தலையும் அவரால் பிடிக்கவே முடியாது. தாளில் இல்லாததை அவருடைய நினைவு படிக்கும்போதே நிரப்பிவிடும். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் தாயைப் பெற்றவள். ‘விடுமுறை முழுவதும் ஆயாவோடு இருந்தோம்’ என்று எழுதினால் காரைக்குடிக்காரருக்கு எந்தத் தடையும் இல்லை. அதே வரியைச் சென்னையில் வளர்ந்த ஓர் இளைஞர் படித்துவிட்டு, வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த வேலைக்காரப் பெண்மணி என்று எடுத்துக்கொண்டதைக் கண்டேன். வளவு, இரண்டாங்கட்டு, முகப்பு, மணமான தம்பதியைக் குறிக்கும் புள்ளி என்ற சொற்களுக்கும் இதே நிலைதான். அவற்றை நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாமல் எங்கள் ஊரை எழுத முடியாது. ‘நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த வளவில்’ என்று முதன்முறை வரும்போது வாக்கியத்துக்குள்ளேயே பொருள் தெரியும்படி சொல்லிவிட்டால், பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எந்தச் சொல்லுக்கு அந்த உதவி தேவை என்பதை வெளியூர்க்காரர் ஒருவர்தான் காட்ட முடியும்.

மாறுகொளக் கூறலைக் கண்டுபிடிக்கக் கணக்கு எழுதிப் பழகியவர் நல்லவர். இரண்டாம் பக்கத்தில் 1921இல் பிறந்தவர், ஐந்தாம் பக்கத்தில் 1930இல் ரங்கூன் கடையை ஏற்று நடத்துகிறார் என்றால், அத்தகையவர் கண் அங்கே நின்றுவிடும். ஊர் வரலாறு தெரிந்தவரோ கட்டுரைக்கு வெளியே உள்ள உண்மையோடு மோதும் முரண்களைக் காண்பார். ‘ஐயா 1935இல் காரைக்குடிக் கம்பன் கழக விழாவில் பேசினார்’ என்று இருந்தால், சா. கணேசன் அந்தக் கழகத்தைத் தொடங்கியதே 1939இல்தான் என்று அவர் சொல்வார். ‘1921இல் சிவகங்கை மாவட்டத்தில் பிறந்தார்’ என்று இருந்தால், சிவகங்கை 1985இல்தான் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது என்று சொல்வார்.

மலர்க் கட்டுரைகளை மிகுதியாகப் பாதிப்பவை மற்றொன்று விரித்தலும் சென்று தேய்ந்து இறுதலும்தான். வீட்டின் கதை என்று தொடங்கி, 96 ஊர்கள், ஒன்பது நகரக் கோயில்கள், பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல் என்று பொதுவான செட்டிநாட்டு வரலாறு மூன்று பக்கம் ஓடும். அவை உண்மைதாம், அழகானவைதாம், எழுதியவருக்குப் பெருமை தருபவைதாம். ஆனால் எந்த வீட்டுக் கட்டுரையிலும் பொருந்தும் பத்தி, இந்த வீட்டுக் கட்டுரைக்குரியது ஆகாது. அந்த மூன்று பக்கத்தில் களைத்துப்போன எழுத்தாளர், தம் தந்தையின் காலத்துக்கு வரும்போது வெறும் பெயர்ப் பட்டியலாக முடித்துவிடுவார். இந்தத் தேய்வை, ஒரே அமர்வில் முதலிலிருந்து கடைசிவரை படிப்பவர் மட்டுமே உணர்வார். ஆகவே ஒரு வாசகரிடமாவது பகுதி பகுதியாகக் கொடுக்காமல் முழுவதையும் கொடுங்கள்.

யாரிடம், எந்த வரிசையில்

நூலைப் பிறர் முன் வைத்துத் தெளிவுபடுத்திக்கொள்வது நமக்குப் புதிய வழக்கம் அன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்று அதன் சிறப்புப் பாயிரம் சொல்கிறது. சிறப்புப் பாயிரம் தருவதற்கு உரியவர் யார் என்று நன்னூல் சொல்லும்போது, நூல் செய்தவரின் ஆசிரியர், அவரோடு கற்றவர், அவருடைய மாணாக்கர், தகுதியுள்ள உரைகாரர் என்று நால்வரைக் குறிக்கிறது. பாயிரம் பாராட்டுக்குரியது, வரைவு வாசிப்பு குறை காண்பதற்குரியது என்றாலும், அந்த நால்வரை நான் இதற்கும் எடுத்துக்கொள்கிறேன். மேலிருந்து பார்ப்பவர், பக்கத்திலிருந்து பார்ப்பவர், கீழிருந்து பார்ப்பவர், வெளியிலிருந்து விளக்க முயல்பவர் என்று நான்கு திசைகளும் அதில் அடங்கிவிடுகின்றன. நால்வருக்கு மேல் வேண்டாம். பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்துக் கட்டுரைகளை எழுதச் சொல்வார்கள்.

முதலில் பொருளை அறிந்தவரிடம் போங்கள். கல்லைப் பற்றி எழுதினால் கல் போடுபவரிடம், கண்டாங்கிச் சேலையைப் பற்றி எழுதினால் தறியில் உட்காருபவரிடம், சமையலைப் பற்றி எழுதினால் அடுப்படியில் நிற்பவரிடம் போக வேண்டும். அடிப்படைச் செய்தி தவறென்றால், மற்ற எல்லாத் திருத்தமும் வீண். அவர்களில் பலர் அச்செடுத்த தாளைப் படித்துக் குறிப்பு எழுத மாட்டார்கள். நேரில் போய்ப் படித்துக் காட்டுங்கள். இரண்டாவதாக, பொருளைச் சிறிதும் அறியாத இளையவர் ஒருவரிடம் கொடுங்கள். மூன்றாவதாக, உங்களைப் போலவே எழுதிப் பழகும் நண்பரிடம் கொடுங்கள்; பத்திகளின் வரிசை, தொடக்கம், நீளம் ஆகியவற்றைப் பற்றி அவரிடம் பேசலாம்.

தமிழாசிரியரிடம் கடைசியில் போங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் எல்லோரும் அவரிடம்தான் முதலில் போகிறார்கள். அவருடைய பேனா இயல்பாகவே ஒற்றையும் சந்தியையும் நாடும். ஒவ்வொரு வரியிலும் அன்போடு சிவப்பு மை ஏறிவரும். அப்படித் திருத்தி வந்த பத்தியை நீக்க மனம் வராது. நீக்க வேண்டிய பத்தி பிழையின்றி நின்றுவிடும். மேலும், அவருடைய உழைப்பில் பாதி, அடுத்த வரைவில் இல்லாமல் போகப்போகும் வரிகளுக்குச் செலவாகிவிடும். அமைப்பு உறுதியான பிறகு கொடுத்தால், அவர் தரும் ஒவ்வொரு திருத்தமும் அச்சுவரை நிலைக்கும்.

இந்த நால்வரோடு, இயன்றால் வீட்டில் மூத்த ஆச்சி ஒருவருக்கும் படித்துக் காட்டுங்கள். பிற்பகலில் வளவில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், ஒரு பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டும். அவர்கள் குறுக்கிடும் இடங்களை ஓரத்தில் கோடிட்டுக்கொள்ளுங்கள். “அவுக இல்ல, அவுக தம்பி” என்று திருத்தினால் அது செய்திப் பிழை. எதுவும் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்தால் அங்கே எழுத்து சோர்ந்திருக்கிறது. திடீரென்று தம் கதையைச் சொல்லத் தொடங்கினால், படிப்பதை நிறுத்திவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்; உங்கள் கட்டுரையில் இருக்க வேண்டியதும் இல்லாததும் அந்தக் கதைதான். திருமணச் சீர்ப் பொருள்களை எழுதிவைக்கும் முறைச்சிட்டையைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் பொருள்களின் பட்டியல் மட்டுமே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், தம் ஆத்தா ஒவ்வொரு பாத்திரத்தையும் எடுத்துத் துடைத்துப் பெயர் வெட்டக் கொடுத்ததைச் சொல்லத் தொடங்கினார். கட்டுரையை அங்கிருந்தே திரும்ப எழுதினேன்.

எப்படிக் கேட்பது

‘படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்’ என்று கொடுத்தால், ‘நல்லாருக்கு’ என்ற விடைதான் வரும். நம் ஊரில் அது மரியாதை. அதைக் குறை கூற முடியாது. பெரியவர்கள் வாழ்த்துவதைக் கடமையாகக் கருதுகிறார்கள். இளையவர்கள் மூத்தவர் எழுத்தில் பிழை சொல்வதைத் தயக்கமாகக் கருதுகிறார்கள். ஆகவே ‘நல்லாருக்கு’ என்று விடை சொல்ல முடியாத கேள்வியைக் கேட்க வேண்டும். நான் வரைவோடு வைத்து அனுப்பும் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு, வணக்கம். வீட்டு வரலாற்றின் இரண்டாவது வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழைகளை இப்போது பார்க்க வேண்டியதில்லை. அதற்கு வேறொருவர் இருக்கிறார். படிக்கும்போது எந்த இடத்தில் நின்று மறுபடி படித்தீர்களோ, அங்கே ஒரு கோடு மட்டும் போடுங்கள். எந்தச் செய்தி நீங்கள் அறிந்ததற்கு மாறாக இருக்கிறதோ, அங்கே ஒரு வட்டம் போடுங்கள். எந்த இடத்தில் மூடி வைத்துவிடலாம் என்று தோன்றியதோ, அந்தப் பக்க எண்ணைக் குறியுங்கள். படித்து முடித்ததும் தாளை மூடி வைத்துவிட்டு, இதில் என்ன சொல்லியிருக்கிறேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.”

கடைசிக் கேள்வியே எனக்கு மிகவும் பயன்படுகிறது. தாளின் தலையில் நான் எழுதிவைத்த நோக்கத்தையும் அவர் எழுதித் தரும் இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கட்டுரை தன் வேலையைச் செய்திருக்கிறதா இல்லையா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தாளைத் தயார் செய்வதிலும் கவனம் வேண்டும். மூத்தவர்களுக்குப் பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே தாராள இடைவெளி விட்டு, வலப்பக்கம் குறிப்பெழுத இடம் விட்டு, பத்திகளுக்கு எண் போட்டுக் கொடுங்கள். ‘பதினான்காம் பத்தி’ என்று தொலைபேசியில் சொல்ல முடிந்தால் வேலை எளிதாகும். நால்வருக்கும் தனித்தனிப் பிரதி கொடுப்பது நல்லது. கூகுள் டாக்ஸில் எல்லோரையும் ஒரே கோப்பில் சேர்த்தால், முதலில் குறிப்பெழுதியவரின் கருத்தையே மற்றவர்கள் வழிமொழிகிறார்கள். வயதில் மூத்தவர் எழுதிவிட்டால் இளையவர்கள் வாயே திறப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரைவைப் போடுவதோ இன்னும் மோசம். வணங்கும் கைகளின் படங்கள்தாம் வந்து நிறையும்; அத்துடன் வரைவு நிலையிலுள்ள பிழையான செய்தி உறவு முழுவதும் பரவிவிடும்.

ஒருவரைப் புதிய கண்ணோடு ஒருமுறைதான் படிக்கச் சொல்ல முடியும். அதே கட்டுரையை மூன்றாம் முறை படிப்பவர் தம் பழைய குறிப்புகள் ஏற்கப்பட்டனவா என்பதைத்தான் தேடுவார். ஆகவே, நாமே திருத்தக்கூடியவற்றைத் திருத்தாமல் நல்ல வாசகர் ஒருவரைச் செலவழித்துவிடக் கூடாது.

வந்த குறிப்புகளை என்ன செய்வது

குறிப்புகள் வந்ததும் அன்றே திருத்த உட்காராதீர்கள். முதல் நாள் மனம் எதிர்வாதம் செய்துகொண்டிருக்கும். நேரில் பேசுகிறார்கள் என்றால் விளக்கம் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். “நான் என்ன சொல்ல வந்தேன் என்றால்” என்று நாம் தொடங்கிய நொடியில் அவர் குறை சொல்வதை நிறுத்திவிட்டு நம்மைச் சமாதானப்படுத்தத் தொடங்குவார். அந்த விளக்கம் தேவையானது என்றால், அது கட்டுரைக்குள்தான் இருக்க வேண்டும்.

பிறகு எல்லாக் குறிப்புகளையும் ஒரே பிரதியில் ஏற்றுங்கள். இருவர் ஒரே இடத்தில் கோடு போட்டிருந்தால், அவர்கள் சொல்லும் காரணங்கள் வேறுபட்டாலும், அந்த இடத்தில் பழுது இருக்கிறது. காரணத்தையும் தீர்வையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. இடறிய இடத்தை நம்புங்கள். ஆறாம் பத்தியில் இன்னும் விவரம் வேண்டும் என்று ஒருவரும், ஆறாம் பத்தியைச் சுருக்க வேண்டும் என்று மற்றொருவரும் சொன்னபோது, உண்மையான பழுது ஐந்தாம் பத்தியில் இருந்தது. அங்கே அறிமுகமாகாத ஒருவர் ஆறாம் பத்தியில் திடீரென்று பேசிக்கொண்டிருந்தார். ஐந்தாம் பத்தியில் ஒரு வரி சேர்த்ததும் இரண்டு குறைகளும் நீங்கின.

செய்தியைப் பற்றிய வட்டங்களைத் தனியே எடுத்து, ‘க’, ‘கே’, ‘ப’ குறிகளோடு ஒப்பிடுங்கள். கேட்ட செய்தியும் கேட்ட செய்தியும் முரண்பட்டால், மூன்றாவது சான்று தேட வேண்டும்: நிலைக்கல், பத்திரம், திருமண அழைப்பிதழ், கோயில் கல்வெட்டு, பழைய இதழ் ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் அகப்படும். கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ‘அந்தக் காலத்துப் பத்திரிகையில் வந்தது’ என்று குடும்பத்தில் சொல்லும் செய்திகளைத் தேட அது மிகச் சிறந்த இடம். சான்று கிடைக்காவிட்டால், ‘என்று அப்பத்தா சொல்வார்’ என்று சொன்னவரின் பேரிலேயே எழுதுங்கள்.

மீதியுள்ளவை சுவை பற்றியவை: இந்தச் சொல் வேண்டாம், அந்தப் பழமொழி சேர்க்கலாம் என்பன போன்றவை. அவற்றில் முடிவு உங்களுடையது. ஏற்காததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஆனால் திருத்தம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும், அவர் சொன்னதில் எதை மாற்றினீர்கள் என்று ஓரிரு வரியில் தெரிவியுங்கள். தாம் போட்ட கோடு வீணாகவில்லை என்று அறிந்தவர் அடுத்த முறை இன்னும் கூர்மையாகப் படிப்பார்.

கட்டுரையில் பெயர் வருபவர்கள்

மதிப்பாய்வு வேறு, ஒப்புதல் வேறு. பாகப்பிரிவினை, பிள்ளை கூட்டியது, தொழிலில் ஏற்பட்ட இழப்பு, இரண்டாம் திருமணம் ஆகியவை குடும்ப வரலாற்றில் வரும்போது, அவற்றில் தொடர்புடையவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அந்தப் பத்தியை முன்கூட்டியே காட்ட வேண்டும். கிளை வரிசையில் ஒருவர் பெயர் விடுபட்டால் அந்த மனத்தாங்கல் பல ஆண்டுகள் தீராது. இங்கே எழுத்தின் அழகைக் கேட்காதீர்கள். ‘இது அச்சில் வரலாமா, இப்படி வரலாமா’ என்று மட்டும் கேளுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், எழுதும் உரிமை நம்மிடம் இருந்தாலும், நான் விட்டுவிடுவேன். உயிரோடு இருப்பவரின் மனத்தைவிட என் பத்தி பெரிதில்லை.

மெய்ப்பு

டிடிபியிலிருந்து மெய்ப்பு (அச்சுக்கு முன் சரிபார்க்கும் படி) வரும்போது கட்டுரை முடிந்துவிட்டது. வாக்கியங்களை மாற்றும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால், ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும், ‘ஔ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் நிற்கின்றனவா என்று பாருங்கள், ஸ்ரீ வரும் இடங்களையும் தனியே பாருங்கள். பெயர்களையும் ஆண்டுகளையும் ஒருவரே படித்துச் சரிபார்க்கக் கூடாது. ஒருவர் மூலப் பிரதியை எழுத்தெழுத்தாக வாய்விட்டு வாசிக்க, மற்றொருவர் மெய்ப்பில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். பாதியில் இடம் மாறிக்கொள்ளுங்கள். எல்லோருடைய கோடுகளும் வட்டங்களும் ஏறிய அந்தப் பிரதியை அச்சானதும் தூக்கி எறியாமல், வீட்டுப் பத்திரங்களோடு ஒரு உறையில் போட்டு, நால்வர் பெயரையும் தேதியையும் மேலே எழுதி வையுங்கள். அடுத்த மலர் போடும்போது எழுத உட்காருபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.